கோரல் மட்டுமே கொத்தும் ஃபைல்ஃபிஷ் ஜோடி: தயார் தீவனத்துக்கு எப்படிப் பழக்குவது?

உப்புத்தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷ், அதாவது ஆக்ஸிமோனகாந்தஸ் லாங்கிராஸ்ட்ரிஸ், ஒரு ஜோடி குவாரண்டைனில் இருக்கிறது. இரண்டும் சுமார் 6 செ.மீ. தொட்டி 75 லிட்டர். ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், நாலைந்து பிவிசி எல்போ, அவ்வளவுதான். வெப்பம் 26 டிகிரி, உப்பு (ஒப்படர்த்தி) 1.025, அம்மோனியா பூஜ்யம்.

அன்று பொரித்த பிரைன் ஷ்ரிம்ப் (ஆர்டீமியா) குஞ்சு விட்டால் இரண்டும் கண்ணை உருட்டிப் பார்க்கின்றன. ஒன்று அபூர்வமாக ஒரு கொத்து கொத்துகிறது. ஃப்ரோஸன் மைஸிஸ், அதாவது குட்டி இறால் மாதிரியான உயிர், மூக்குக்கு முன்னால் போனாலும் திரும்புவதில்லை. ஆனால் ஸ்பாஞ்சையும் பிவிசி விளிம்பையும் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கின்றன, பசி இல்லாமல் இல்லை.

கடைசியில் போகவேண்டிய டேங்க் 400 லிட்டர். எல்பிஎஸ் என்கிற பெரிய சதையுள்ள கல் கோரலும் சாஃப்ட் கோரலும்தான், கிளை கிளையாக வளரும் கல் கோரலான அக்ரோபோரா ஒரு குச்சிகூடக் கிடையாது. கேள்விகள்:

ஒன்று, உயிருள்ள அக்ரோபோரா ஃப்ராக் (வெட்டிய சின்னத் துண்டு) வாங்கிப் போட்டு உயிரைப் பிடித்து வைக்கலாமா, இல்லை அது கெட்ட பழக்கத்தை வளர்க்குமா? இரண்டு, எந்தத் தீவனத்தில் தொடங்கி எதில் முடிப்பது? மூன்று, ஒட்டுண்ணிக்கான காப்பர் மருந்தை இப்போதே தொடங்கலாமா? நான்கு, எத்தனை நாள் பட்டினி தாங்கும்?

---

அலைவாய்

நாலாவது கேள்வியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

இந்த மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். உடம்பே தட்டை, போதாக்குறைக்குப் புள்ளி டிசைன் வேறு மெலிவை மறைத்துவிடும். நேர் எதிரே, முகத்துக்கு முகம் பாருங்கள். கண்ணுக்கு மேலே தலைக்குப் பின்னால் முதுகுச் சதை இரண்டு பக்கமும் லேசாக உப்பியிருந்தால் கையில் நேரம் இருக்கிறது. அங்கே குழி விழுந்து முதுகு கத்தி முனை மாதிரி ஆகியிருந்தால் நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. வயிறு ஒட்டியிருப்பது அவ்வளவு கெட்ட அறிகுறி இல்லை, ஒருநாள் தின்றால் நிரம்பிவிடும். முதுகுச் சதை கரைந்தால் திரும்ப வருவது கஷ்டம். முதுகு நன்றாக இருக்கிற மீனுக்கே ஒரு வாரத்துக்குள் ஏதாவது உள்ளே போக ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இது விடிந்ததிலிருந்து அடைகிறவரை பாலிப் பாலிப்பாக, அதாவது கோரலின் ஒவ்வொரு குட்டி உயிராக, கொத்துகிற மீன். பெரிய இரையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் சும்மா கிடக்கிற குடல் அமைப்பு இதற்குக் கிடையாது. இதன் பிழைப்பு அக்ரோபோராவோடு எவ்வளவு இறுகக் கட்டப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: 1998-இல் கோரல் வெளுத்துச் செத்த வெண்மையாதலில் ஒகினாவாவின் செசோக்கோ தீவுப் பக்கம் அந்தக் கோரல் மடிந்தபோது இந்த மீனும் அங்கிருந்து மறைந்துபோனது.

அடுத்து, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. ஸ்பாஞ்சையும் பிவிசியையும் கொத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் மிதந்து போவதை இந்த மீன் சாப்பாடு என்றே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கிளையில், அசையாமல், சின்னச் சின்ன மேடாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதற்குச் சாப்பாடு. ருசியை மாற்றி மாற்றிப் பார்த்து நாளை வீணடிக்கிறவர்கள்தான் அதிகம். முதலில் தீவனத்தைக் கிளைக்குக் கொண்டுபோங்கள். கிளையில் தின்னப் பழகிய பிறகு, கிளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு இறக்குங்கள். முழு வித்தையும் இந்த இரண்டு அடிதான்.

நடைமுறையில் இப்படி. தொட்டியின் மூன்று பக்கமும் கருப்புத் தாள் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் உடம்பில் சாம்பல் திட்டு விழும், அந்த நிறத்தில் இருக்கும்போது அது தின்னாது. விளக்கை 10 மணி நேரம் எரியவிட்டு, அணைத்த பிறகும் அறை வெளிச்சம் அரைமணி நேரமாவது இருக்கட்டும். விரல் கனத்துக்கும் மெல்லிய கிளை ஒன்று கட்டாயம் வேண்டும். ராத்திரியில் கிளையை வாயால் கவ்விக்கொண்டு தூங்குகிற மீன் இது. கவ்வ ஒன்றும் இல்லையென்றால் நீரோட்டத்தில் அடித்துப்போய் ஃபில்டர் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும், காலையில் களைத்துப்போயிருக்கும்.

கிளை இரண்டு வையுங்கள், தொட்டியின் இரு கோடியிலும் ஒவ்வொன்று. ஜோடியாக இருந்தாலும் ஒன்று முந்தும், மற்றது ஒதுங்கும். காற்றைக் குறைத்து, கிளை இருக்கும் இடத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட நிற்கும்படி செய்யுங்கள்.

முதல் மூன்று நாலு நாள் கிளையில் தடவிய பேஸ்ட், கூடவே உயிருள்ள ஆர்டீமியா குஞ்சு. குஞ்சை தொட்டி முழுக்கக் கொட்டாமல், பேஸ்டர் பைப்பால் (ரப்பர் பல்ப் வைத்த குழாய்) கிளையின் இடுக்கில் மெல்லப் பீய்ச்சுங்கள். வெளிச்சத்தை ஒரு மூலையில் மட்டும் வைத்தால் குஞ்சு அங்கேயே மொய்க்கும், கிளையும் அங்கேயே இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது கொத்த ஆரம்பித்ததும் அதே பைப்பில் மீன் சினையைக் கலந்துவிடுங்கள். சினை அசையாது, உருண்டை, பாலிப் அளவு. உயிர்த் தீவனத்துக்கும் ஃப்ரோஸனுக்கும் நடுவில் பாலம் கட்ட இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு ஃப்ரோஸன் சைக்ளாப்ஸ், கலானஸ் என்கிற பொடி ஓட்டுயிர்கள். அதற்குப் பிறகு பிளேடால் 2 மி.மீ. துண்டாக நறுக்கிய மைஸிஸ். கடைசியில் 0.5 மி.மீ. அளவுள்ள ஊறவைத்த மென்மையான பெல்லட். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவும்போது பழையதில் முக்கால், புதியதில் கால் என்று கலந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றுங்கள். மீன் புதியதைத் துப்பினால் விகிதத்தை ஒருபடி பின்வாங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். இரண்டு வேளை நிறையப் போடுவது இந்த மீனுக்குப் பிரயோசனம் இல்லை, அம்மோனியாவுக்குத்தான் பிரயோசனம். 75 லிட்டரில் இப்படிப் போட்டால் தினமும் கால் தொட்டித் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். அடியில் விழுந்ததை ஒவ்வொரு வேளைக்கும் ஒருமணி நேரம் கழித்து ஏர்லைன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அம்மோனியா கொஞ்சம் ஏறினாலே முதலில் போவது பசிதான்.

பிரைன் ஷ்ரிம்ப் குஞ்சு பற்றி ஒன்று. பொரித்ததும் மஞ்சள் கருவோடு இருக்கும்போது கொடுத்தால்தான் சத்து. லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 2 கிராம் முட்டை, 27 டிகிரி, பலமான காற்று, 24 மணி நேரம். பொரித்த பிறகு பாதி நாள் கடந்தால் கருவைத் தானே தின்று தீர்த்துவிட்டு வெறும் ஓடாகிவிடும். மிச்சம் இருப்பதை நன்னோகுளோராப்ஸிஸ் பாசிக் கரைசலிலோ செல்கான் என்கிற சத்துக் கரைசலிலோ 12 மணி நேரம் வளர்த்து, சல்லடையில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். முட்டை ஓடு சேர்ந்து போகாமல் பாருங்கள், இந்த வாய்க்கு ஓடு ஆகாது.

காப்பர் இப்போது வேண்டாம். அது பசியை அடக்கும். தின்னாத மீனுக்குப் பசியை அடக்குகிற மருந்து போட்டால் என்ன மிஞ்சும்? உடம்பில் உப்புத் தூவினமாதிரி புள்ளி வந்தால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாலு முறை, சுத்தமான காய்ந்த தொட்டிக்கு மாற்றுகிற முறை போதும், மருந்தே வேண்டாம். ஒரே ஒரு விலக்கு வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய். மூச்சு வேகமாகி, மேல் முழுக்க மாவு படிந்தமாதிரி இருந்தால் பசியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருந்து.

---

பவளக்கொடி

பேஸ்ட் என்று அலைவாய் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அது ஒட்டினால்தானே! ரெடிமேடாக வேண்டுமென்றால் ஈஸிரீஃப்ஸ் மாஸ்டிக் இருக்கிறது. பொடியைத் தண்ணீரில் குழைத்தால் கல்லில் ஒட்டும். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

உரித்து நரம்பெடுத்த இறால் 50 கிராம், மட்டிச் சதை 25 கிராம், மத்திச் சினை 15 கிராம், பொடித்த நல்ல கடல்மீன் பெல்லட் 10 கிராம். வாசனை, நிறம் சேர்க்காத ஜெலட்டின் 12 கிராம், தண்ணீர் 50 மில்லி.

மட்டியை மட்டும் நன்றாக ஆவியில் வேகவையுங்கள். பச்சை மட்டியில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற தயாமினேஸ் இருக்கிறது, மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் மீன் தலைகீழாக நீந்துகிற நிலைமை வரும். சூடு பட்டால் அந்த நொதி போய்விடும். இறாலை வெட்டிய பிறகு மூன்று தண்ணீரில் அலசுங்கள், மார்க்கெட் இறாலில் கருக்காமல் இருக்க ரசாயனம் போட்டிருப்பார்கள்.

இறாலும் மட்டியும் மிக்ஸியில் விழுதாகட்டும். ஜெலட்டினை 50 மில்லி குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பாத்திரத்தை வெந்நீரில் இறக்கிக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பிசுபிசுப்பு போய்விடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் விழுது, பெல்லட் பொடி, ஒரு மில்லி வைட்டமின் எண்ணெய்க் கரைசல் எல்லாம் சேருங்கள். சினையை அரைக்கவே கூடாது. கடைசியில் முழுசு முழுசாகக் கிளறிவிடுங்கள். வழவழப்பான பூச்சை இந்த மீன் பார்த்துக்கொண்டே நிற்கும். பூச்சுக்கு மேலே மணி மணியாகத் துருத்திக்கொண்டிருக்கும் சினையைத்தான் முதலில் கொத்தும்.

சினையைச் சுத்தம் செய்வது: பையின் ஓரத்தைக் கத்தரித்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்து எடுங்கள். ஆர்டீமியா வலையில் போட்டு உப்புத் தண்ணீரில், பால் மாதிரி கலங்குவது நிற்கும்வரை அலசுங்கள். அப்படியே தொட்டியில் போட்டால் எண்ணெய் மிதந்து மேற்பரப்பு படலம் கட்டும். முற்றிய சினையாகப் பார்த்து வாங்க வேண்டும், விரலில் தேய்த்தால் மணி தனியே தெரியணும். மத்தி, மடவை இரண்டுமே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கெண்டைச் சினை அளவில் சரி, ஆனால் ஆற்றுமீன் கொழுப்பு வேறு, அதையே நம்பாதீர்கள். சுஷிக்கு விற்கிற சினையில் உப்பு, சர்க்கரை, சாயம் எல்லாம் இருக்கும். வேண்டாம். அலசியதை ஜிப் கவரில் காகிதம்போல் தட்டையாகப் பரப்பி ஃப்ரீஸரில் வைத்தால் வேளைக்கு நகத்தளவு உடைத்துக்கொள்ளலாம்.

இனி தடவுவது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஈரமான கிளையில் தடவினால் தொட்டியில் இறக்கிய நிமிடம் தோல் உரிந்தமாதிரி முழுசாகக் கழன்று வரும். கிளை காய்ந்திருக்க வேண்டும். டிஷ்யூவால் ஒற்றி, பேஸ்டைக் கட்டைவிரலால் துளைகளுக்குள் அழுத்தி, மேலே மிஞ்சியதை வழித்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் போதும். பிறகு இருபது நிமிடம் ஃப்ரிட்ஜ். இறுகியதும் தொட்டிக்குள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள், தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துக் கழுவிக் காயவைத்து அடுத்ததைப் போடுங்கள். அதனால் கிளை நாலைந்தாவது கையிருப்பில் இருக்கணும்.

தொட்டி 28 டிகிரிக்கு மேல் போனால் ஜெலட்டின் இளகித் தண்ணீர் கலங்கும். வெயில் காலத்தில் சில்லர் இல்லாதவர்கள் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி, அதாவது அகர், 3 கிராம் போடலாம். அதைக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க முடியும். 50 டிகிரிக்கு ஆறும்வரை பொறுத்துக் கலக்கி, உடனே தடவ வேண்டும், சட்டென்று உறைந்துவிடும். அகர் தண்ணீரில் இளகாது, ஆனால் மொறமொறவென்று உடையும், ஆழமான துளை உள்ள கிளையில் மட்டும்தான் நிற்கும்.

---

சம்ப்_சத்தம்

கிளை கிளை என்கிறீர்கள், எந்தக் கிளை? இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் கோரல் இனம் முழுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லிருந்து இருக்கிறது. செத்த எலும்புக்கூடும் அதில் அடக்கம். ராமேஸ்வரம், தூத்துக்குடி கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கி வந்தாலும் குற்றம்தான். வெளிநாட்டில் இருப்பவர்களும் கோரல் வாங்கும்போது சைட்டீஸ் (வனஉயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) காகிதம் கேளுங்கள், கல் கோரல் அத்தனையும் அதன் இரண்டாம் பட்டியலில் வருகிறது.

எலும்புக்கூடு தேவையே இல்லை. 20 மி.மீ. பிவிசி துண்டு ஒன்றை அடித்தளமாக வைத்து, டேங்க்குக்கு ஆகும் எபாக்ஸி புட்டியைச் சுண்டுவிரல் பருமனில் நாலு கிளையாக உருட்டி ஒட்டுங்கள். புட்டி இறுகுவதற்குள் பல்குச்சியால் 3 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. ஆழத்துக்குக் குத்திக்கொண்டே போங்கள். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, தனி வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு எடுங்கள். 3டி பிரிண்டர் வைத்திருக்கிறவர் தெரிந்தவர் இருந்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்துக்கொள்ளலாம், படிப்படியான வரிகளே பேஸ்டைப் பிடித்துக்கொள்ளும். நிறம் பழுப்போ வெளிர் பச்சையோ இருந்தால் சீக்கிரம் கிட்டே வருகிறது, பளீர் வெள்ளைக்குத் தயங்குகிறது.

முதல் கேள்விக்கு என் கட்சி: உயிருள்ள அக்ரோபோரா கெட்ட பழக்கம் இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்கிறது, புதிதாக என்ன கெடப்போகிறது? காகிதத்தோடு வாங்கக்கூடிய ஊரில் இருந்தால், முதுகு மெலிந்த மீனுக்கு அது சலைன் பாட்டில். ஆனால் ஒரு ஃப்ராக்கை இரண்டு மீன் சேர்ந்து ஓரிரு நாளில் மொட்டையடித்துவிடும், ஆகவே அதை உணவு என்று கணக்கில் வைக்காதீர்கள். பேஸ்ட் கிளைக்குப் பக்கத்தில் ஃப்ராக்கைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி வையுங்கள். ஃப்ராக்கைக் கொத்திக்கொண்டே வாய் தவறி பேஸ்டில் படும். அந்த ஒரு கொத்துதான் நமக்கு வேண்டியது. பிறகு தினம் சில மணி நேரம் ஃப்ராக்கை வெளியே எடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் நேராகச் சினைக்குப் போங்கள். கடையில் ஏற்கெனவே ஏதாவது தின்கிற மீனை மட்டும் வாங்குங்கள். கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

---

உப்புத்தண்ணி

மூன்று பேருக்கும் நன்றி. பவளக்கொடி, சினை மேட்டர் அப்படியே பலித்தது. பேஸ்ட் கிளையில் சினையை ஒவ்வொன்றாகப் பிடுங்குகின்றன. பேஸ்டையும் இப்போது சுரண்டுகின்றன. தண்ணீரில் விழுகிற சினையை ஒன்று மட்டும் துரத்திப் பிடிக்கிறது.

இப்போது மூன்று சந்தேகம். நறுக்கிய மைஸிஸை வாயில் எடுத்து எடுத்துத் துப்புகிறது. இன்னொன்று, எச்சம் வெள்ளை நூலாக வருகிறது, குடல் புழுவா? அப்புறம், பெரியது சின்னதைக் கிளையிலிருந்து விரட்டுகிறது. சின்னதின் முதுகு லேசாகக் குழிந்தமாதிரி இருக்கிறது.

---

கடல்குதிரை

சின்னதை முதலில் காப்பாற்றுங்கள். நடுவில் எக்கிரேட், அதாவது விளக்குக்குப் போடுகிற கட்டம் கட்டமான பிளாஸ்டிக் பலகையை வெட்டிச் செருகித் தொட்டியை இரண்டாக்குங்கள். ஒன்றையொன்று பார்க்கணும், தொடக்கூடாது. ஜோடி என்று விற்றதாலேயே ஜோடி ஆகிவிடாது. இரண்டும் ஆணாக இருந்தால் பலகையை எடுத்த நாளே மறுபடி சண்டைதான். உண்மையான ஜோடி சேர்ந்தே சுற்றும், ஒரே கிளையில் மேய்ந்தால்கூட முகத்தோடு முகம் மோதாது. சின்னது தேறி, இரண்டும் பலகை ஓரத்திலேயே பக்கம் பக்கமாக நின்றால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே மேல். இன்னொரு விஷயம், பலகைக்கு இந்தப் பக்கம் தின்கிற மீனைப் பார்த்து அந்தப் பக்கத்து மீன் தின்னப் பழகும். தண்ணீரில் விழுவதைத் துரத்துகிற அந்த மீன் உங்களுக்கு இலவச வாத்தியார். பலகைக்கு அருகிலேயே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

மைஸிஸைத் துப்புவது ருசிக்காக அல்ல, அளவுக்காகவும் ஓட்டுக்காகவும். இந்த வாய் வைக்கோல் குழாய் மாதிரி, வெட்டு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் காலும் கண்ணும் தடுக்கும். ஃப்ரோஸன் கட்டியை உருக்கி, தேநீர் வடிகட்டியில் போட்டு ஓடுகிற தண்ணீரில் அலசி, தலையைத் தள்ளிவிட்டு வால் சதையை மட்டும் ஒன்றரை மி.மீ. ஆக நறுக்குங்கள். அதற்கும் துப்பினால் மைஸிஸைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை. சினை, கலானஸ், பேஸ்ட், பெல்லட் நாலும் போனாலே மீனுக்கு ஒரு குறையும் இல்லை. மைஸிஸ் தின்றால்தான் பழகியது என்று யார் சொன்னது? துப்பிவிட்டுத் திரும்ப எடுக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். திரும்ப எடுத்தால் நல்ல சகுனம், இன்னும் சில நாளில் விழுங்கும்.

வெள்ளை நூலைப் பார்த்ததும் மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பட்டினி கிடந்த குடலில் வெறும் சளிதான் வரும், அதுவும் வெள்ளை நூலாகத்தான் இருக்கும். இப்போது தின்ன ஆரம்பித்திருக்கிறதே, நாலைந்து நாள் பாருங்கள். சினை தின்றால் மஞ்சள், பெல்லட் கலந்த பேஸ்ட் தின்றால் பழுப்பாக எச்சம் வரணும். வயிறு நிறையத் தின்றும் வெள்ளையாகவே வந்தால், தின்றும் முதுகு ஏறாவிட்டால், அப்போது குடலின் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல். 400 மி.கி. மாத்திரை ஒன்றை நைசாகப் பொடித்து 40 கிராம் பேஸ்டில் கலக்கினால் ஒரு சதவீதம் ஆகும். ஜெலட்டின் சூடு ஆறிய பிறகு கலக்குங்கள். தினம் இரண்டு வேளை இந்தப் பேஸ்ட், மற்ற வேளை சாதாரணத் தீவனம், பத்து நாள் வரை. மாத்திரை கசக்கும், அதனால் மருந்துப் பேஸ்டில் சினையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மருந்தைத் தண்ணீரில் கரைத்துவிடுவது வீண், கடல்மீன் தண்ணீரைக் குடிக்கிறது என்றாலும் குடல் ஒட்டுண்ணிக்குத் தேவையான அளவு அப்படிப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது.

தோல், செவுள் புழுவுக்கு பிராஸிகுவான்டல் லிட்டருக்கு 2.5 மி.கி. 75 லிட்டருக்கு 187 மி.கி. வருகிறது, ஆனால் தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்துவிட்டுப் போடுங்கள். பிவிசியும் ஃபில்டரும் பிடித்த இடம் போக அறுபத்தைந்து எழுபதுதான் இருக்கும். காற்றைக் கூட்டுங்கள், ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் மாற்றி இரண்டாம் முறை. இதுவும் பசியைக் கொஞ்சம் குறைக்கும், ஆகவே இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து நன்றாகத் தின்ற பிறகு தொடங்குங்கள். ஃப்ராக் ஏதாவது உள்ளே போட்டிருந்தால் எல்லா மருந்துக்கும் முன்னால் அதை எடுத்துவிடணும்.

அந்த 400 லிட்டர் டேங்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. டாங், ராஸ், ஆந்தியாஸ், டாம்செல் இருந்தால் இந்த ஜோடி அங்கே பட்டினி கிடக்கும். குவாரண்டைனில் அழகாகத் தின்ற ஃபைல்ஃபிஷ் மெயின் டேங்கில் மெலிந்து போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் பந்தியில் இடம் கிடைக்காததுதான். கார்டினல், ஃபயர்ஃபிஷ், சின்ன கோபி, மாண்டரின் மாதிரி சாதுக்களோடு சரியாக இருக்கும். நேராக விடாமல், துளையிட்ட அக்ரிலிக் பெட்டியை டேங்க் சுவரில் தொங்கவிட்டு ஒரு வாரம் அதற்குள் வையுங்கள். பழைய கிளையையும் பெட்டிக்குள் போடுங்கள். தீவனம் எங்கே எப்போது விழுகிறது என்று உள்ளிருந்தே பார்த்துப் பழகட்டும். திறந்துவிட்ட பிறகும் அந்த மூலையிலேயே கிளையை வைத்து, பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, அங்கேயே ஊட்டுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் பெல்லட் வரை கொண்டுவந்தால்தான் நிம்மதி. ஆட்டோ ஃபீடரில் ஒருநாளைக்கு நாலு முறை சிட்டிகையளவு, காலை மாலை கையால் சினையும் கலானஸும். பெல்லட்டில் அஸ்டாக்ஸாந்தின் என்கிற நிறமி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சில மாதத்தில் அந்த ஆரஞ்சு வெளிறி மஞ்சளாகிவிடும்.

---

பவளக்கொடி

கடல்குதிரை சொன்ன பெல்லட்டுக்கு ஒரு குறுக்குவழி. பெல்லட்டை நேராகத் தண்ணீரில் போடாமல் முதலில் பேஸ்டின் மேல் சினைக்குப் பதிலாகத் தூவி இறுகவிடுங்கள். பாதி சினை, பாதி பெல்லட். பிறகு முழுக்க பெல்லட். அந்த மணிகளைக் கிளையில் கொத்திப் பழகிய வாய், அதே மணி தண்ணீரில் மெல்ல இறங்கும்போது அடையாளம் கண்டுகொள்ளும். மிதக்கிற பெல்லட் இந்த மீனுக்கு ஒத்துவராது, மெல்ல மூழ்குகிறதாக இருக்கட்டும். பத்து நிமிடம் சினை அலசிய தண்ணீரில் ஊறவைத்தால் வாசனையும் ஏறும்.

---

மீன்பித்து

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் ஷெவ்ரான் பட்டர்ஃபிளை, கீட்டோடான் டிரைஃபாஸியாலிஸ், பழக்க முடியுமா? காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளைக்கும் இதே பேஸ்ட் போடலாமா?

---

அலைவாய்

இரண்டும் இரண்டு கதை.

காப்பர்பேண்ட் கோரல் பிழைப்பு மீனே அல்ல. இடுக்கில் இருக்கும் புழு, சின்ன ஓட்டுமீன், ஏய்ப்டேஷியா என்கிற சின்ன அனிமோன் இவைதான் அதன் மேய்ச்சல். அதற்குக் கிளையைவிட இடுக்கு முக்கியம். திறந்த மட்டியைப் பாதி ஓட்டோடு பாறை இடுக்கில் செருகிவையுங்கள், உயிருள்ள கருப்புப் புழுவைக் குழாய்த் துண்டுக்குள் போட்டுவையுங்கள். மூக்கை உள்ளே விட்டுப் பிடுங்கக் கிடைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். கருப்புப் புழு நன்னீர்ப் புழு, உப்பில் சில நிமிடத்தில் செத்துவிடும், ஆகவே கொஞ்சமாகப் போட்டு மிச்சத்தை எடுத்துவிடணும். பேஸ்டை மட்டி ஓட்டில் நிரப்பிக் கொடுத்தாலும் வேலை செய்யும்.

ஷெவ்ரானை வாங்காதீர்கள். அதுவும் அக்ரோபோரா பாலிப் மட்டுமே தின்கிற மீன், அதற்கு மேல் ஒரு மேசைக் கோரலைச் சொந்தம் கொண்டாடிக் காவல் காக்கிற சண்டைக்காரன். ஃபைல்ஃபிஷ் சின்னது, மெல்ல நகர்வது, சினைமணியை ஒன்றொன்றாகக் கொத்த அலுக்காதது. இரண்டும் ஒரே உணவைத் தின்கிறது என்பதால் பழக்கமும் ஒன்றாக இருக்காது. ஃபைல்ஃபிஷ்ஷை வீட்டுத் தொட்டியில் முட்டையிட வைத்து, 2009-லேயே குஞ்சை வளர்த்துக் காட்டினார் அமெரிக்காவின் மாட் பீடர்சன். தயார் தீவனத்தில் கொழுத்து முட்டையிடும் ஷெவ்ரான் என் கண்ணில் பட்டதில்லை. கண்காட்சிக்காக அக்ரோபோரா பண்ணையே வைத்திருக்கிற பொது அக்வேரியத்துக்கு அது சரி.

உப்புத்தண்ணி, உங்களுக்கு ஒன்று மட்டும். பலகை போட்ட பிறகு சின்னதின் பக்கம் வேளையை எட்டாக்குங்கள், அளவைக் கூட்ட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நேர் எதிரேயிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள், ஒரே தூரம், ஒரே வெளிச்சம். கண் தினமும் பார்ப்பதால் மெலிவு தெரியாது, படத்தை அடுத்தடுத்து வைத்தால் முதுகு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த பதிவில் அந்தப் படத்தைப் போடுங்கள், பிராஸிகுவான்டல் தொடங்கும் நாளை அதைப் பார்த்துச் சொல்கிறோம்.